கொடையும் வரியும்

பத்துப்பாட்டு என்னும் தொகுதியில் பாதி ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு அந்த வள்ளலின் ஊரையும், போகும் வழியையும், வழியில் உள்ள இடர்களையும், வாயிலில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் எடுத்துச் சொல்வதே அதன் அமைப்பு. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. பொருநரும் பாணரும் கூத்தரும் அவ்வாறு ஒருவரையொருவர் ஆற்றுப்படுத்தினர். நூலகத்திற்கும் ஊர்க்கலைகளுக்கும் பொருள் திரட்டும் வழிகளை ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் பேசுவது புதுமையும் அன்று, இழிவும் அன்று. இந்த உரை அந்தப் பழைய மரபின் எளிய தொடர்ச்சியே.

சங்கரன்கோவில் நெசவும் பூ வணிகமும் நடக்கும் ஊர். ஆடித்தபசுக்குச் சுற்றுக் கிராமங்களெல்லாம் திரளும் ஊர். இத்தகைய ஊரில் ஒரு நூலகம் உயிரோடு இருக்க ஐந்து வேண்டும்: இடம், நூல், இதழ், நூலகர், மின்கட்டணம் கட்டும் கை. ஒரு வில்லிசைக் குழு உயிரோடு இருக்கவும் ஐந்து வேண்டும்: வில், குடம், உடுக்கை, இரவுக் கூலி, அடுத்த தலைமுறையில் ஒரு மாணவன். இந்தப் பத்தில் எவை எளிதாகக் கிடைக்கின்றன, எவை கிடைப்பதில்லை என்று பார்த்தால் நிதி பற்றிய கேள்வி பாதி தெளிந்துவிடும். இடம் கிடைக்கும், ஒரு முறை நூலும் கிடைக்கும், வில்லும் உடுக்கையும் கூடக் கிடைக்கும். நூலகரின் ஊதியமும், மாதந்தோறும் வரும் இதழும், கலைஞனின் கூலியும், மாணவனின் பயிற்சியும் கிடைப்பதில்லை. ஒரு நாள் செலவுக்குக் கொடுப்பவர் பலர். ஆண்டுதோறும் செலவுக்குக் கொடுப்பவர் அரியர்.

வள்ளல்களின் காலம் ஒன்று இருந்தது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் இவ்வூருக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். கவிஞரும் இளமையிலேயே மறைந்தார். ஜமீன்களின் காலமும் முடிந்தது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார், நூல் திரட்டினார், ‘செந்தமிழ்’ இதழுக்கு வழிசெய்தார். 1911-இல் அவர் மறைந்தார். வள்ளன்மையின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவரின் கொடையை நம்பி நிற்பது அவருடைய ஆயுளையும் மனநிலையையும் நம்பி நிற்பதாகும்.

ஆகவே அறிஞர் வேறு வழிகளையும் தேடினர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்பே வாங்கிக்கொள்வதாக உறுதி கூறியவர்களிடம் கையொப்பம் பெற்றார். ஒரு பெருங்கை செய்வதைப் பல சிறு கைகள் செய்தன. 1920-இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பங்குத்தொகை திரட்டும் நிறுவனமாகத் தொடங்கியது. தமிழ் நூல் பதிப்பை ஒரு கூட்டு முயற்சியாக அமைத்தது. மறைமலையடிகள் சேர்த்துவைத்த நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையத்தை உருவாக்கியதும் அக்கழகமே.

அதே 1920-ஆம் ஆண்டு, இவ்வூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கடையத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. சுப்பிரமணிய பாரதி தம் கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாக வெளியிடத் திட்டமிட்டு, நண்பர்களுக்குச் சுற்றுக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது நன்கொடை அன்று; வட்டியோடு திருப்பித் தரும் கடன். எத்தனை நூல், எவ்வளவு முதல், எவ்வாறு விற்பனை, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றெல்லாம் கணக்குச் சொன்ன கடிதம் அது. திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அந்தப் பாரதிக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப வேண்டுமென்று கல்கி தம் இதழில் வேண்டுகோள் விடுத்தபோது, தமிழ்நாடெங்குமிருந்து பணம் வந்தது. பெரியதும் சிறியதுமாக வாசகர்கள் அனுப்பிய தொகையில் மண்டபம் உருவானது. 1945-இல் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் திறப்புவிழா நடந்தது. பொதுமக்கள் திரட்டிய நிதிக்கு இத்தென்பாண்டிச் சீமையில் இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆயினும் இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் நெஞ்சில் ஒரு வினா எழாமல் இராது. உயிரோடிருந்த கவிஞரின் நூல்களுக்குக் கடனாகக்கூடத் திரளாத பணம், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் கல்லுக்குத் திரண்டது. மண்டபம் கட்டியவர்கள் மேல் இதில் குறை இல்லை. அவர்கள் செய்தது நன்றி. ஆனால் கொடையின் இயல்பு இதில் தெரிகிறது. கல் கண்ணுக்குத் தெரியும். கல்லில் பெயர் வெட்டலாம். நூலகரின் ஊதியத்தில் யார் பெயரை வெட்டுவது?

கோயில்களில் குழல்விளக்கு வாங்கிக் கொடுப்பவர் அதன்மேல் தம் பெயரையும் ‘உபயம்’ என்ற சொல்லையும் எழுதிவைப்பதுண்டு. எழுத்து பெரிதானால் வெளிச்சம் குறையும். பல நூலகக் கட்டடங்களின் கதையும் அத்தகையதே. திறப்புவிழாக் கல்வெட்டு உள்ளே எட்டு நூலகங்களின் பெயர் பொறிக்கும் அளவு இருக்கும். புதிய நூலோ ஆண்டுக்கு எட்டும் வந்திராது.

இந்தச் சிக்கலை அறிந்து நடந்த வெளிநாட்டுக் கொடையாளர் ஒருவர் உண்டு. எஃகுத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். கேட்ட ஊருக்கெல்லாம் அவர் விதித்த நிபந்தனை ஒன்று: ஊரார் நிலம் தர வேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரின் வரிப்பணத்திலிருந்து நூலகப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். அந்த உறுதி இல்லையேல் பணம் இல்லை. கொடை ஒரு முறை வரும். வரி ஆண்டுதோறும் வரும். நூலகம் வாழ்வது வரியினால்தான் என்று அந்தப் பெருங்கொடையாளரே ஒப்புக்கொண்டார்.

தமிழ்நாடு இவ்வுண்மையைச் சட்டமாகவே ஆக்கியது. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1930-இலேயே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை உருவாக்கினார். 1933-இல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பின்னர் கல்வி அமைச்சராயிருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம் அது. 1950 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியோ சொத்து வரியோ கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்கு ஆறு பைசை வீதம், அதாவது ஏறத்தாழ இன்றைய மூன்று காசு, நூலகத்திற்கென்று கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அது விதித்தது. இப்போது அந்த வீதம் ரூபாய்க்குப் பத்துக் காசு. வரியை வசூலிப்பது உள்ளாட்சி மன்றம். அதைப் பெற்றுச் செலவிடுவது மாவட்டத்தின் நூலக ஆணைக்குழு. சென்னை நீங்கலான மாவட்டங்களில், திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காக ஆண்டுதோறும் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் இன்று 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. அவற்றுக்கெல்லாம் அடித்தளம் இந்தக் காசே.

இதைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்பது நன்று. ஆண்டுக்கு 2,000 ரூபாய் சொத்து வரி செலுத்தும் ஒரு குடும்பம் நூலகத்திற்கு 200 ரூபாய் கொடுக்கிறது. நூறு வீடுள்ள தெரு 20,000 ரூபாய் கொடுக்கிறது. பத்தாண்டில் அத்தெரு இரண்டு இலட்ச ரூபாய்க்கு நூலகத்தின் புரவலர் ஆகிவிட்டது. எந்தக் கல்வெட்டிலும் அத்தெருவின் பெயர் இல்லை. படிக்கத் தெரியாத கிழவி ஒருத்தியும் தன் ஓட்டு வீட்டுக்குக் கட்டும் வரியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் நூலுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ் நூலகங்களின் உண்மையான வள்ளல் அவளே.

இம்முறை வெளியிலிருந்து வந்ததன்று. தென்மாவட்டங்களில் அம்மன் கோயிலுக்கும் சுடலைமாடன் கோயிலுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்குக் ‘கொடை’ என்றே பெயர். அந்தக் கொடையின் செலவுக்கு ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். பணக்காரரோ ஏழையோ, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானித்துத் திரட்டுவார்கள். வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் மேளத்திற்கும் கரகாட்டத்திற்கும் அந்த வரிப்பணத்திலிருந்தே கூலி போகும். ஊர்க்கலைகளை இத்தனை நூற்றாண்டு காத்தது எந்த நிறுவனத்தின் நல்கையும் அன்று, தலைக்கட்டு வரியே. கொடை என்ற பெயரில் வரி நடந்தது. வரி என்ற பெயரில் கொடை நடந்தது. அரங்கநாதன் சட்டத்தில் எழுதியதை ஊர் ஏற்கனவே ஆலமரத்தடியில் நடத்திக்கொண்டிருந்தது.

ஆகவே நூலகத்திற்குப் பொருள் தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய வாயில் கொடையாளரின் வாயில் அன்று. நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களின் வாயில். வசூலான நூலக வரியை உள்ளாட்சி மன்றங்கள் உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தாமல் நிலுவை வைக்கின்றன என்னும் முறையீடு தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. இவ்வூரில் நிலை எவ்வாறு என்பதை ஊகித்துப் பேச வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சென்ற ஐந்தாண்டுகளில் ஆண்டுவாரியாக நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவிடம் செலுத்தப்பட்டது, எந்த நாளில் செலுத்தப்பட்டது என்ற மூன்று கேள்விகளைப் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். நல்கை கேட்கும் எந்த விண்ணப்பத்தை விடவும் இந்த ஒரு தாள் கனமானது. ஏனெனில் இதில் கேட்பது தானம் அன்று. முன்னமே கொடுத்ததற்குக் கணக்கு.

அடுத்த வாயில்களை ஒவ்வொன்றாகக் காணலாம். இராஜா ராம்மோகன் ராய் பிறந்து இருநூறு ஆண்டு நிறைவதையொட்டி 1972-இல் கல்கத்தாவில் இராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை தோன்றியது. மைய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தைச் சார்ந்தது. அதன் உதவி இருவகைப்படும். மாநில அரசு தன் பங்கைச் செலுத்த, அதற்கு இணைப்பங்காக அறக்கட்டளை சேர்த்துத் தருவது ஒன்று. இணைப்பங்கு இல்லாமல் தன் நிதியிலிருந்தே தருவது மற்றொன்று. நூல் வாங்குவதற்கும், அடுக்குப் பெட்டிகளுக்கும், குழந்தைகள் பிரிவுக்கும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பொது நூலகங்களுக்கும் இதில் வழி உண்டு.

மாநிலத்தில் நமக்கு நாமே திட்டம் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-இல் மீண்டும் பழைய பெயரையே பெற்றது. ஊரகப் பகுதிகளில் மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் எஞ்சியதை அரசு தரும் என்பது அதன் சாரம். 1993-இல் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய்ப் பணிகளைப் பரிந்துரைக்க இடம் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்க்கும் தொகுதி நிதி உண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் நிலைத்த சொத்துக்கானவை. ஊதியத்திற்கும் நாள்படு செலவுக்கும் இவற்றை நம்பலாகாது. கட்டடம் வேண்டுமானால் இவ்வாயிலுக்குப் போகலாம். கட்டடத்தைத் திறந்துவைத்திருக்கும் மனிதருக்காக வேறு வாயில் தேட வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் புதிய வாயில் ஒன்றைத் திறந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ, ஐந்து கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அதன் 135-ஆம் பிரிவு கூறுகிறது. எவை சமூகப் பணி என்று சொல்லும் அட்டவணையில் பொது நூலகம் அமைப்பதும், மரபுக் கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்ப்பதும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே விண்ணப்பத்தைச் சென்னைக்கு அனுப்புமுன், மாவட்டத்திற்குள் ஆலை நடத்துவோர் எவர், காற்றாலை நிறுவியோர் எவர் என்று பார்ப்பது அறிவுடைமை.

கலைகளுக்கான வாயில்கள் வேறு. 1955-இல் தோன்றிய சங்கீத நாடக சங்கமே பின்னர் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆயிற்று. நலிந்த கலைஞர்களுக்கு உதவி, இசைக்கருவி வாங்க உதவி எனப் பல திட்டங்கள் அதன் வழியே நடக்கின்றன. கலை பண்பாட்டுத் துறை 1991-இல் தனித்துறையாயிற்று. அதன்கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பிள்ளைகள் வார இறுதியில் கலை பயில்கின்றனர். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. குருவிடம் மாணவர் தங்கிப் பயில்வதற்கு உதவும் திட்டத்தை மையப் பண்பாட்டு அமைச்சகம் நடத்திவருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-இல் நலவாரியம் அமைந்தது. உறுப்பினராகப் பதிந்துகொண்டவர்க்கே அதன் பயன் கிட்டும். பதியாத கலைஞர்களைப் பதிவுசெய்விப்பது ஓர் இலக்கிய வட்டம் ஒரு காசும் செலவின்றிச் செய்யக்கூடிய கலைத்தொண்டு. அரசு சாராத நிலையில், பெங்களூரில் 1993-இல் நிறுவப்பட்ட இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை கலை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை தருகிறது.

வாயிலுக்குச் செல்பவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் ஆற்றுப்படை சொல்லும். இன்றைக்கு அது யாழ் அன்று, கணக்கேடு. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு, வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண், தணிக்கை செய்த வரவு செலவு, ஆண்டுக்கூட்டக் குறிப்பு ஆகியவை இல்லாத அமைப்புக்குப் பெருந்தொகை எங்கும் கிடைக்காது. கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உரிய சட்டப்பிரிவின்கீழ் ஏற்பு வேண்டும். வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் அந்நிய நாட்டவராயின் அவர்கள் அனுப்பும் பணத்தையும், வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பணத்தையும் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெறாமல் வாங்கலாகாது. 2020-இல் வந்த திருத்தத்திற்குப் பின், அப்பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நல்ல உள்ளத்தோடு வாங்கிய பத்தாயிரம் ரூபாய் ஓர் அமைப்பையே முடக்கிவிடக் கூடும்.

விண்ணப்பம் எழுதுவதில் கவிஞர்களுக்கு ஓர் இயல்பான இடையூறு உண்டு. உவமை முந்திக்கொண்டு வரும். எண் பின்னுக்குப் போய்விடும். அறிவுக் கோயில், கலைப் பெட்டகம் என்னும் தொடர்களைப் படித்துப் படித்து அலுத்தவர் கைக்கே அந்தத் தாள் போகிறது. அவருக்கு வேண்டியவை நான்கு. இப்போது என்ன இருக்கிறது? என்ன இல்லை? இல்லாததைப் பெற எவ்வளவு வேண்டும், அதில் ஊரார் பங்கு எவ்வளவு? பணம் தீர்ந்த மறுநாள் இப்பணி எப்படி நடக்கும்? நான்காவது கேள்விக்கு விடை இல்லாத விண்ணப்பங்களே மிகுதி. அதற்கு விடை எழுதத் தொடங்கும்போதுதான் ஓர் அமைப்பு தன்னையே அறிந்துகொள்கிறது. நல்கை கிடைத்தபின் செலவுச் சீட்டுகளும் பயன்பாட்டுச் சான்றும் உரிய நாளில் சேர வேண்டும். இரண்டாம் முறை கிடைக்குமா என்பதை அவையே முடிவு செய்யும்.

வாங்கத் தெரிந்தவர்க்கு மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வறுமையை உள்ளபடி பாடியவர் பெருஞ்சித்திரனார். அதியமான் தம்மைக் காணாமலே பரிசிலை அனுப்பிவைத்தபோது, அதை ஏற்க மறுத்துப் பாடியவரும் அவரே. அந்தப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பசியோடு இருந்தவர் மறுத்தார் என்பது அதன் பெருமை. பணியைப் பாராமல் விளம்பரத்தைப் பார்த்துத் தரப்படும் பணமும், இன்னாரைப் பேச அழைக்க வேண்டும், இன்ன நூலை வைக்கலாகாது என்னும் நிபந்தனையோடு வரும் பணமும் அத்தகையவை. ஒரே கொடையாளரிடம் முழுச்செலவையும் பெறும் அமைப்புக்கு மறுக்கும் உரிமை இல்லாமற் போகும். நூறு பேரிடம் நூறு ரூபாய் பெறும் அமைப்புக்கு அது எப்போதும் இருக்கும். பொது நூலகங்களில் புரவலர் திட்டம் என ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாய் செலுத்துவோர் புரவலர் ஆகலாம். இலட்சம் தரும் ஒருவரைத் தேடி ஓராண்டு அலைவதை விட, ஆயிரம் தரும் நூறு பேரைச் சேர்ப்பது நூலகத்தின் மானத்திற்கும் நல்லது, ஆயுளுக்கும் நல்லது.

ஊர் பொறுப்பேற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் சான்று. ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் அரிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தார். அந்தச் செல்வத்தை விலைகொடுத்து வாங்கிக் காக்க முன்வந்தது அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம். நூல்கள் நாட்டைவிட்டுப் போகாமல், 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது தமிழரின் நற்பேறு. எல்லாத் தொகுப்புக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. தமிழாசிரியர் ஒருவர் மறைந்த வீட்டில் அவர் நூல்கள் எடைக்குப் போவது எந்த ஊரிலும் நடக்கும் நிகழ்ச்சி.

ஊர் பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. க.மு. செல்லப்பா 1933-இல் தம் வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி, ஊர்ப் பெரியோரின் குழுவாயிற்று. பின்னர் நகரசபையின் நூலகமாயிற்று. களியாட்ட விழாவும் நிதிச்சீட்டும் நடத்தி மக்கள் பணம் திரட்டினர். அரங்கநாதன் அறிவுரை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மக்கள் மீண்டும் நூல் சேர்த்தனர். 1984-இல் மீண்டும் ஒரு பகுதி திறந்தது. போரில் அதுவும் சிதைந்தது. 2000-களின் தொடக்கத்தில் மூன்றாம் முறையாகக் கதவு திறந்தது. எரித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. நூலகத்தைப் பணம் கட்டிக் கட்டியவர்கள் ஊரார். ஊர் இருக்கும்வரை நூலகத்திற்கு முதல் இருக்கும்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தார் முன் மூன்று பணிகளை வைத்து இவ்வுரை நிறைவு பெறலாம்.

முதலாவது, நூலக வரி பற்றிய அந்த மூன்று கேள்விகளை ஆண்டுதோறும் ஏப்ரலில் எழுதிக் கேட்பது. வரும் விடையை ஆண்டு விழாவில் படிப்பது.

இரண்டாவது, ஆடித்தபசுத் திருவிழாவின் மண்டகப்படியிலிருந்து கற்பது. ஒவ்வொரு நாள் சிறப்பையும் ஒவ்வொரு சமூகமும் வணிகத்தாரும் ஏற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் நடத்துகிறார்கள். அந்த நாளை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு மானக்குறை. அதேபோல் நூலகத்திற்கு வரும் இதழ்களைப் பன்னிரண்டு மாத மண்டகப்படியாகப் பிரிக்கலாம். தை மாதத்து இதழ்கள் நெசவாளர் பொறுப்பு, மாசி மாதத்து இதழ்கள் பூ வணிகர் பொறுப்பு என்றாகிவிட்டால், எந்த விண்ணப்பமும் இல்லாமல் இதழ்கள் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஓர் இரவேனும் நூலக முற்றத்தில் வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ நடத்துவது. கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், கோயில் கொடையில் பெறும் கூலிக்குக் குறையாத கூலியை அன்றிரவே கையில் கொடுத்தனுப்புவது. அதற்கான பணத்தை வட்டத்தின் உறுப்பினர்கள் தலைக்கட்டு வரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தாமே வரி போட்டுக்கொண்ட அவைக்குத்தான் அரசிடமும் நிறுவனங்களிடமும் கேட்கும் தகுதி முழுமையாக உண்டு.

தமிழில் வரி என்ற சொல் பாட்டின் அடியையும் குறிக்கும், ஊருக்குக் கட்டும் காசையும் குறிக்கும். இதுவரை பத்தாண்டு முதல் வரியை இவ்வட்டத்தார் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இனி இரண்டாவதையும் எழுதுவார்களாக.